இரண்டு நானூற்றுப் பதினேழு

மலை முகாம்
4 ஜூன் 2013

அன்புள்ள அண்ணிக்கு,

யெர்கோ எழுதுகிறேன். நலம். நேற்று வண்டியில் நீங்கள் நம் கலாமா ஸ்டோரிலிருந்து அனுப்பிய பெட்டி ஒரு கீறல் இல்லாமல் வந்து சேர்ந்தது. பவர் சப்ளைகள், விசிறிகள், அவற்றுக்கு நடுவே பஞ்சு வைக்கும் இடத்தில் இரண்டு ஜோடி கம்பளிக் காலுறை. பெட்டியைப் பிரிக்கும்போது எங்கள் ஷிப்ட் எஞ்சினியர் அரவேனா பக்கத்திலேயே நின்றிருந்தார். ஒரு காலுறையைத் தூக்கிப் பிடித்து, "இது எந்த ரேக்குல மாட்டுற ஸ்பேரு?" என்றார். "குளிர் அதிகமாயிட்டா மாட்டுறது சார்" என்றேன். சிரித்தார். அவரைச் சிரிக்க வைப்பது இந்த உயரத்தில் மூச்சு விடுவதைவிடக் கடினம்.

அண்ணனின் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? பட்டறையில் அந்த உயரமான நாற்காலியை மாற்றச் சொல்லி எத்தனை முறை சொல்லிவிட்டேன். நீங்களும் சொல்ல மாட்டேன் என்கிறீர்கள்.

நான் போன் செய்யவில்லை என்று கோபித்துக்கொள்ள வேண்டாம். மேலே தொலைநோக்கி ஆன்டெனாக்களுக்குப் பக்கத்தில் செல்பேசியே கூடாது. கீழே முகாமில் இருக்கும் ஒரே போனுக்குப் பின்னால் எப்போதும் ஆள் நிற்கிறான், பேசுவதையெல்லாம் கேட்டுக்கொண்டு. பெட்டியோடு கடிதம் வைப்பதுதான் நமக்குச் சரி.

ஒரு சின்ன விஷயம் கேட்க வேண்டும். இந்தப் பெரிய கம்ப்யூட்டரின் குணம் உங்களுக்கே தெரியும். ஆன்டெனாக்கள் அனுப்புவதை இரவு பகலாகக் கூட்டிக் கழித்துக்கொண்டே, தன் உடம்பில் எந்தப் பாகம் எங்கே இருக்கிறது என்று ஓயாமல் எண்ணியும் கொண்டிருக்கும். ஒரு பாகத்தைக் கழற்றினால் திரையில் ஒரு வரி மறையும். மாட்டினால் ஒரு வரி கூடும். நேற்று ஒன்பதாம் வரிசையில் புதிதாக வந்த பவர் சப்ளை ஒன்றை மாட்டினேன். வரி கூடவில்லை.

முதலில் திரை மெதுவாக இருக்கிறது என்று நினைத்தேன். பிறகுதான் பார்த்தேன். பவர் சப்ளைப் பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் தாளில் கடைசி மூன்று எண்கள் 682. ஆனால் உள்ளே இருக்கும் சிப், தன் நம்பர் 417 என்கிறது. 417 என்பது ஏப்ரல் மாதத்திலிருந்து மூன்றாம் வரிசையில் ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டும் ஒரே நம்பரைச் சொல்வதால் கம்ப்யூட்டர் இரண்டையும் ஒன்றாகவே எண்ணுகிறது.

இரண்டுமே அண்ணனின் பட்டறைக்குப் பழுதுபார்க்கப் போய்வந்தவை. முறைப்படி நான் ஆபீசுக்கு எழுத வேண்டும். அண்ணன் விஷயம் என்பதால் முதலில் உங்களிடம் கேட்கிறேன். உங்கள் கணக்கில் என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

காலுறை கதகதப்பாக இருக்கிறது.

அன்புடன்,
யெர்கோ


கலாமா
7 ஜூன் 2013

அன்புள்ள யெர்கோவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உன் அண்ணனுக்கு இடுப்பு வலி அப்படியேதான். நாற்காலியை மாற்றினால் கை பழக்கம் போய்விடுமாம். நான் சொல்வதில்லை என்று எழுதியிருக்கிறாய். நான் சொல்லாமல் இருக்கும் நேரம்தான் இந்த வீட்டில் குறைவு, நீ வந்து இரண்டு நாள் இருந்தால் தெரியும். போன ஷிப்ட் முடிந்தும் நீ தொக்கனாவோ கிராமத்து அறையிலேயே படுத்துக்கிடந்தாய் என்று கேள்விப்பட்டேன். இங்கே வந்தால் சோறு போட மாட்டேனா? மழைத் தூறல் விழுந்த அன்று பூசணி மாவில் சொப்பைப்பியா பொரித்தேன். உன் பங்கையும் உன் அண்ணனே தின்றார்.

நீ கேட்டதைப் பார்த்தேன். என் கணக்கில் 682 என்றுதான் வந்திருக்கிறது. நான் தாளில் இருக்கும் நம்பரைத்தான் பதிகிறேன். சிப்புக்குள் இருப்பதைப் படிக்கும் கருவியை ஸ்டோருக்குக் கேட்டு இரண்டு வருஷம் ஆகிறது.

சாப்பிடும்போது உன் அண்ணனிடம் காட்டினேன். படித்துவிட்டு ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே சொன்னார்: "ஆமா, அந்தப் பெட்டியில சிப்பு மட்டும் செத்துப்போச்சு. மத்ததெல்லாம் ஜோரா இருந்துச்சு. புதுச் சிப்பு போட்டேன். வெறும் சிப்பு போட்டா மெஷின் ஏத்துக்காது. அதனால மேசையில இருந்த நல்ல பெட்டியோட சிப்புல இருந்ததை அப்படியே எடுத்து எழுதிட்டேன். அப்புறம் நம்பரை மாத்தணும்னு இருந்தேன், மறந்துட்டேன்."

"மறக்கிற விஷயமா இது?" என்றேன்.

"கலாமாவுல எத்தனை ஹுவான் இருக்கான்? ஒரே பேருன்னு ஒருத்தனும் செத்துடல. மலையில உக்காந்துக்கிட்டு இவன் பெருசு பண்றான்."

அவர் பேச்சு உனக்குத் தெரியும். ஆனால் அதன் பிறகு அவர் சாப்பிடவில்லை.

யெர்கோ, பழுதுபார்க்கும் ஒப்பந்தம் இந்த மாதக் கடைசியில் புதுப்பிக்கப்பட வேண்டும். சான்டியாகோவிலிருந்து ஒரு கம்பெனி அதற்காகக் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருக்கிறது. சிப் செத்த பெட்டியைக் குப்பை என்று எழுதித் திருப்பித்தான் அனுப்ப வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. இது வெளியே தெரிந்தால் பட்டறையை மூட வேண்டியதுதான். உன்னை அந்த மலையில் சேர்த்துவிட்டதே உன் அண்ணன்தான் என்பதை நான் சொல்லிக்காட்டவில்லை. நீயே நினைத்துப்பார்ப்பாய்.

அடுத்த வண்டியில் சரியான நம்பரோடு வேறு பெட்டி அனுப்புகிறேன். ஒன்பதாம் வரிசையில் இருப்பதைக் கழற்றி அதே வண்டியில் எனக்குத் திருப்பி அனுப்பு. அதுவரை ஆபீசுக்கு எழுதாதே. ஒரு வாரம்தான்.

சச்சகோமா தழை கொஞ்சம் வைத்திருக்கிறேன். தலை வலித்தால் கொதிக்க வைத்துக் குடி.

உன் அண்ணி,
நெலிடா


மலை முகாம்
11 ஜூன் 2013

அன்புள்ள அண்ணிக்கு,

சரி. எழுதவில்லை.

அந்தப் பெட்டி நன்றாகத்தான் ஓடுகிறது. சூடு இல்லை, சத்தம் இல்லை. அண்ணன் கை பட்டது என்று பார்த்தாலே தெரிகிறது. சாலிடர் வைத்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தாலும் தட்டுப்படாது. அதனால்தான் எனக்கும் மனம் சமாதானமானது.

நாளை என் ஷிப்ட் முடிகிறது. எனக்குப் பதில் எலிசேயோ ஏறி வருகிறான். அவனை நீங்கள் ஒருமுறை ஸ்டோரில் பார்த்திருக்கிறீர்கள், காது வரை தொப்பியை இழுத்துவிட்டிருப்பான், ஆறடிக்கு மேல் உயரம். ஷிப்ட் மாறும்போது ஒரு புத்தகத்தில் எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எந்த விசிறி கரகரக்கிறது, எந்த வரிசையில் என்ன மாட்டினோம், எல்லாம். இந்த நம்பர் விஷயத்தை நான் எழுதவில்லை. எழுதினால் அரவேனா படிப்பார். அவனிடம் வாயால் சொல்லலாம் என்றால், எலிசேயோவுக்கு வாயில் எதுவும் தங்காது. நல்லவன். சொன்னால் சிரித்துக்கொண்டே சாப்பாட்டு மேசையில் எல்லோருக்கும் சொல்லிவிடுவான்.

வியாழக்கிழமை வண்டியில் நீங்கள் அனுப்புவதாகச் சொன்ன பெட்டியை அவன்தான் வாங்குவான். 'ஒன்பதாம் வரிசைக்கு' என்று தெளிவாக எழுதி ஒட்டுங்கள். காரணம் கேட்காமல் மாட்டிவிடுவான்.

வானிலை ஆபீஸ் பனி என்கிறது. அவர்கள் சொன்னால் பெரும்பாலும் வருவதில்லை.

அண்ணனுக்கு என் வணக்கம். கோபமாக இருந்தால் சொல்ல வேண்டாம்.

அன்புடன்,
யெர்கோ


மலை முகாம்
20 ஜூன் 2013

அண்ணிக்கு,

பனியால் சாலையை மூடிவிட்டார்கள் என்று உங்களுக்குத் தெரியும். வியாழக்கிழமை வண்டி பாதி வழியில் திரும்பியது. அதன் பிறகு நடந்தது உங்கள் காதுக்கு வந்ததா என்று தெரியவில்லை. யாரோ சொல்லி நீங்கள் தெரிந்துகொள்வதைவிட நானே எழுதுகிறேன்.

திங்கள்கிழமை மூன்றாம் வரிசையில் ஒரு பவர் சப்ளையின் விசிறி கத்த ஆரம்பித்திருக்கிறது. அதைக் கழற்றச் சொல்லி எலிசேயோவை அனுப்பினார்கள். நம் பவர் சப்ளைகளுக்கு வரும் கம்பிகள் கட்டைவிரல் பருமன். மின்சாரத்தை நிறுத்திவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். அவன் நிறுத்தச் சொல்லிக் கேட்டிருக்கிறான். கண்ட்ரோல் ரூமில் இருந்தவன் மூன்றாம் வரிசைப் பெட்டியின் நம்பரைப் பார்த்திருக்கிறான். 417. 417-ஐ நிறுத்து என்று கட்டளை கொடுத்திருக்கிறான். திரையில் 417 நின்றுவிட்டது என்று வந்தது. "நின்னுடுச்சு, கழட்டு" என்று எலிசேயோவிடம் சொல்லியிருக்கிறான்.

நின்றது ஒன்பதாம் வரிசையில் இருந்த இன்னொரு 417.

அவன் கை வைத்த பெட்டியில் மின்சாரம் இருந்தது. வலது கையில் விரல்கள் வெந்துவிட்டன. வெடித்த வேகத்தில் பின்னால் விழுந்து தலையிலும் அடி. முகாமில் முதலுதவி செய்து, பனி விலகிய இரண்டு மணி நேரத்தில் ஹெலிகாப்டரில் அன்டோஃபகாஸ்டாவுக்குக் கொண்டுபோனார்கள். உயிருக்கு ஆபத்து இல்லை. இரண்டு விரல்களைப் பற்றி டாக்டர்கள் இன்னும் எதுவும் சொல்லவில்லை.

என்னை ஓய்விலிருந்து திரும்பக் கூப்பிட்டார்கள். வந்ததும் அரவேனா எல்லோரையும் நிற்க வைத்துப் பேசினார். "பெட்டி முகத்துல பச்சை விளக்கு எரிஞ்சிட்டு இருந்திருக்கு. மீட்டர் வச்சுப் பாக்கணும்னு விதி இருக்கு. அவன் பாக்கல. கண்ணு எங்க போச்சு, மூளை எங்க போச்சு?"

அண்ணி, அந்த விளக்குகளில் பாதி பொய் சொல்லும். நாங்கள் யாருமே அவற்றைப் பார்ப்பதில்லை. மீட்டரும் வைப்பதில்லை. மூக்கில் ஆக்ஸிஜன் குழாயை மாட்டிக்கொண்டு குனிந்தால் நிமிர நேரமாகும். திரை நின்றுவிட்டது என்றால் நின்றுவிட்டது. நான் போயிருந்தாலும் அப்படித்தான் கை வைத்திருப்பேன். இல்லை, அதுகூடச் சரியில்லை. நான் வைத்திருக்க மாட்டேன். எனக்குத் தெரியும், 417 இரண்டு இருக்கிறது என்று.

அடுத்த வாரம் விசாரணை. அலட்சியம் என்று எழுதப்போகிறார்கள். அப்படி எழுதினால் அவனை வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள். இங்கே மட்டும் இல்லை, இந்த வட்டாரத்தில் எந்தத் தொலைநோக்கியிலும் எந்தச் சுரங்கத்திலும் அவனை எடுக்க மாட்டார்கள்.

ஒன்பதாம் வரிசைப் பெட்டி இன்னும் ஒன்பதாம் வரிசையில்தான் இருக்கிறது. யாரும் அதைப் பார்க்கவில்லை.

அண்ணனிடம் சொல்லுங்கள்.

யெர்கோ


கலாமா
24 ஜூன் 2013

அன்புள்ள யெர்கோவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து அன்டோஃபகாஸ்டா போய்வந்தேன். உன் அண்ணனிடம் சொல்லவில்லை. என் தங்கையைப் பார்க்கப் போகிறேன் என்றேன்.

எலிசேயோ தூங்கிக்கொண்டிருந்தான். கட்டில் அவனுக்குக் குட்டை. கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அவன் மனைவி மார்கோத் என்னைக் கம்பெனி ஆள் என்று நினைத்துவிட்டாள். ஸ்டோரில் வேலை செய்கிறேன், யெர்கோவின் அண்ணி என்றதும் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவரு நிறுத்தச் சொல்லிக் கேட்டாராம்மா. ரெண்டு தடவ கேட்டாராம். கேட்டேன்னு அவரு சொல்றாரு, பாத்திருக்கணும்னு அவங்க சொல்றாங்க. யாரு சொல்றத நான் கேக்குறது?" என்றாள். நான் வாங்கிப்போன ஆரஞ்சுகளை மேசையில் வைத்துவிட்டு வந்தேன். பஸ்ஸில் வரும்போது சாளரம் முழுக்கக் கடல் மூடுபனி. ஒன்றும் தெரியவில்லை. அதுவும் நல்லதுதான்.

வீட்டுக்கு வந்து உன் அண்ணனிடம் உன் கடிதத்தைக் கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தார். முடித்துவிட்டுப் பட்டறைக்குப் போய் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நானும் போனேன்.

"இதுபோல இன்னும் எத்தனை?" என்றேன்.

"தெரியல."

"தெரியலன்னா?"

"சிப்பு செத்து வந்ததுக்கெல்லாம் அப்படித்தான் போட்டேன். திருப்பி அனுப்பினா குப்பைன்னு எழுதிடுவாங்க. நல்ல பெட்டி நெலிடா. ஒரு சின்னச் சிப்பு செத்ததுக்காக முழுப் பெட்டியக் குப்பையில போடுவானா எவனாவது? என் வேலையில குத்தம் சொல்லு பாப்போம். அவன் கைய சுட்டது என் பெட்டியா? இல்ல. கண்ட்ரோல் ரூம்ல உக்காந்திருந்தவன். மீட்டர் வைக்காத அவன் கை."

"வால்டோ, அவன் கேட்டிருக்கான். நிறுத்துன்னு கேட்டிருக்கான்."

 ஒரு ஸ்குரூடிரைவரை எடுத்து இன்னொரு இடத்தில் வைத்தார். எங்களுக்குக் கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் வாயடைத்துப்போய் நான் பார்த்ததில்லை.

இப்போது நான் எழுதப்போவதைப் படித்துவிட்டு நீ என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள். இந்த வண்டியில் சரியான பெட்டி வருகிறது. ஒன்பதாம் வரிசையில் இருப்பதைக் கழற்றி இதே வண்டியில் எனக்கு அனுப்பிவிடு. மற்றவற்றையும் நீ கண்டுபிடிக்கிறபடி ஒவ்வொன்றாகக் கழற்றி அனுப்பு. இங்கே பழைய இரும்போடு அவை போய்விடும். ஒரு நம்பருக்கு ஒரு பெட்டி என்றாகிவிடும். எலிசேயோவின் குடும்பத்துக்கு வேறு வகையில் உதவலாம், நான் பார்த்துக்கொள்கிறேன். அவனுக்கு இந்தப் பட்டறையிலேயே வேலை கொடுக்கலாம் என்றுகூட நினைத்தேன்.

எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தேன். கிழித்துப்போடலாமா என்று தோன்றியது. கிழிக்கவில்லை. உன் அண்ணனுக்கு ஐம்பத்தாறு வயது. அந்தப் பட்டறை இல்லாமல் அவர் என்ன செய்வார் என்று என்னால் யோசிக்க முடியவில்லை.

உன் அண்ணி,
நெலிடா


மலை முகாம்
28 ஜூன் 2013

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. நீங்கள் அனுப்பிய பெட்டியை எடுத்துக்கொண்டு ஒன்பதாம் வரிசைக்குப் போனேன். பழையதைக் கழற்றினேன். மின்சாரம் நின்றதா என்று மூன்று முறை மீட்டர் வைத்துப் பார்த்தேன். புதியதை மாட்டினேன். திரையில் ஒரு வரி கூடியது. கழற்றியதைத் துணியில் சுற்றி, திரும்பிப் போகும் மரப்பெட்டிக்குள் வைத்து, மூடியை ஆணி அடிக்கும் வரை வந்துவிட்டேன்.

நீங்கள் சொன்னபடி செய்ய நினைத்தேன் என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். முதலிலேயே மறுத்துவிட்டேன் என்று நீங்கள் நினைக்கக் கூடாது.

டிரைவர் சிப்ரியானோ மூடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் பாட்டுக்கு எலிசேயோவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். "மீட்டர் வைக்கறதுல அப்படி என்ன சோம்பேறித்தனம்? நெட்டக்காலன், நிதானம் கெடையாது" என்றார். எலிசேயோவோடு சேர்ந்து சாப்பிட்டவர். அவன் போன வாரம் வரை இவருக்கு நல்ல பையன். இன்னும் ஒரு மாதம் போனால் அவனே தன்னை அப்படித்தான் சொல்லிக்கொள்வான் என்று தோன்றியது. மூடியைத் திறந்து பெட்டியை எடுத்தேன்.

அரவேனாவின் அறைக்குக் கொண்டுபோனேன். விசாரணைக்காக வைத்திருந்த கருகிய பெட்டியும் அங்கே இருந்தது. அதன் சிப் இன்னும் பதில் சொன்னது. இரண்டையும் சோதனை மேசையில் மாட்டி, திரையைப் பாருங்கள் என்றேன்.

"ஒண்ணுதான் தெரியுது. இன்னொண்ணு செத்துப்போச்சா?"

"இல்ல சார். ரெண்டும் உயிரோட இருக்கு. ரெண்டும் 417."

மேசையில் இருந்ததை எண்ணினார், திரையில் இருந்ததை எண்ணினார். திரும்பவும் எண்ணினார். பிறகு அன்றைய பதிவை எடுத்துப் பார்த்தார். எலிசேயோ கை வைத்த அதே நிமிஷத்தில் ஒன்பதாம் வரிசையில் மின்சாரம் நின்றிருந்தது. அதை யாரும் தேடவே இல்லை.

"பழுது பாத்தது யாரு?"

"கலாமாவுல வால்டோ லியென்ட்ரோ."

"உன் பேரும் லியென்ட்ரோதானே?"

"என் அண்ணன்."

இரண்டு பெட்டிகளையும் திரும்பப் பார்த்தார். "இது உனக்கு எப்போ தெரியும்?"

இந்தக் கேள்வி வரும் என்று தெரிந்துதான் போனேன். மாட்டிய அன்றே தெரியும், ஷிப்ட் புத்தகத்தில் எழுதவில்லை, எலிசேயோவிடம் சொல்லவில்லை என்றேன். ஏன் என்றார். அண்ணன் என்பதால் என்றேன். உங்கள் பெயரைச் சொல்லவில்லை. உங்கள் கடிதங்களை யாரிடமும் காட்டவில்லை, காட்டவும் மாட்டேன்.

இனி ஆபீசிலிருந்து பட்டறைக்கு ஆள் வருவார்கள். அண்ணன் அதற்கு முன்பு இதை என் எழுத்தில் படிக்க வேண்டும். அவர் வேலையில் குற்றம் இல்லை என்று அவர்களிடமும் சொன்னேன். ஒரு பெட்டிகூடப் பழுதாகவில்லை. ஆனால் எலிசேயோ மேல் பொய்யாக ஒன்று எழுதப்பட்டு, அவன் முகத்தை நினைக்கும்போதெல்லாம் அதை நான் படித்துக்கொண்டு இருக்க முடியாது அண்ணி.

என்னைத் திட்டி ஒரு கடிதம் எழுதுங்கள். எழுதாமல் இருக்காதீர்கள்.

அன்புடன்,
யெர்கோ


மலை முகாம்
24 ஜூலை 2013

அன்புள்ள அண்ணிக்கு,

நான்கு வண்டி வந்துவிட்டது. பெட்டிகளில் சரக்கு மட்டும்தான் இருக்கிறது. முதல் இரண்டில் சீட்டு உங்கள் கையெழுத்தில் இருந்தது. இப்போது வேறு யாரோ எழுதுகிறார்கள். ஏழு என்ற எண்ணைக் குறுக்குக் கோடு இல்லாமல் போடுகிற ஆள்.

விசாரணை முடிந்தது. எலிசேயோ மேல் தவறு இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். விரல்களைக் காப்பாற்றிவிட்டார்கள், ஆனால் இரண்டு மடங்காது. செப்டம்பரில் கண்ட்ரோல் ரூமில் உட்காரும் வேலைக்கு வருகிறான். நான் போய்ப் பார்த்தேன். புத்தகத்தில் எழுதாததையும் சொன்னேன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். பிறகு, "போடா, போய் ஒரு காப்பி வாங்கிட்டு வா" என்றான். வாங்கிவந்தேன். இடது கையால் குடித்தான். அவன் என்னை மன்னித்துவிட்டானா என்று தெரியவில்லை. நான் கேட்கவில்லை.

இங்கே எல்லாப் பெட்டிகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றி, வெளியே இருக்கும் தாளையும் உள்ளே இருக்கும் சிப்பையும் ஒப்பிட்டோம். இன்னும் பல ஜோடிகள் கிடைத்தன. இப்போது ஒவ்வொன்றையும் பார்க்கிறார்கள், மீட்டர் வைக்கிறார்கள். எத்தனை நாளைக்கு என்று தெரியாது.

எனக்கு எச்சரிக்கை மட்டும் கொடுத்தார்கள். ஏன் அவ்வளவோடு விட்டார்கள் என்று அரவேனாவிடம் கேட்டேன். உங்கள் வாக்குமூலத்தைப் படித்துக் காட்டினார். 'யெர்கோ உடனே எனக்கு எழுதிவிட்டான், ஆபீசுக்குச் சொல்ல வேண்டாம் என்று தடுத்தது நான்' என்று இருந்தது. உங்கள் கையெழுத்தும் இருந்தது. அதனால்தான் உங்களை ஸ்டோரிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

நான் உங்கள் பெயரைச் சொல்லவே இல்லையே அண்ணி. ஏன் சொன்னீர்கள்?

இந்தக் கடிதத்தைப் பெட்டியில் வைக்கவில்லை. தபாலில் அனுப்புகிறேன். வீட்டு விலாசத்துக்கு வந்தால் அண்ணன் கைக்கும் போகலாம். போகட்டும்.

செப்டம்பர் பதினெட்டு, தேசியத் திருநாளுக்கு நாடே வீட்டுக்குப் போகும். எனக்கும் அந்த வாரம் ஓய்வு. நீங்கள் வரச் சொன்னால் வருகிறேன். அண்ணன் என்னை அடித்தாலும் சரி.

அன்புடன்,
யெர்கோ


தொக்கொப்பில்லா
2 செப்டம்பர் 2013

யெர்கோவுக்கு,

உன் கடிதம் பழைய வீட்டுக்குப் போய், பக்கத்து வீட்டுக்காரி எடுத்து வைத்து, அவள் மகன் இந்தப் பக்கம் வந்தபோது கொண்டுவந்து கொடுத்தான். நாங்கள் ஆகஸ்டில் இங்கே வந்துவிட்டோம். என் மாமாவின் வீடு பூட்டிக்கிடந்தது. மாடியிலிருந்து பார்த்தால் துறைமுகம் தெரிகிறது. சுவரெல்லாம் உப்பு. துணி காய்வதில்லை. காற்று மட்டும் மூச்சுக்குச் சுகமாக இருக்கிறது. உனக்கு அது பிடிக்கும்.

உன் அண்ணன் மேல் வழக்குப் போடவில்லை. ஒப்பந்தத்தை எடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான். பட்டறைக் கருவிகளைச் சான்டியாகோ கம்பெனிக்காரர்களே வந்து பார்த்தார்கள். ஒரு பையன் அந்த உயரமான நாற்காலியில் உட்கார்ந்து சுற்றிப் பார்த்தான். உன் அண்ணன் அதையும் சேர்த்து எல்லாவற்றையும் கொடுத்துவிட்டார். இங்கே மீன்பிடிப் படகுகளுக்கு ரேடியோவும் மீன் தேடும் கருவியும் சரிசெய்து கொடுக்கிறார். படகுக்காரர்கள் நம்பர் எதுவும் கேட்பதில்லை. இடுப்பு வலி குறைந்திருக்கிறது என்கிறார். நடப்பதால் இருக்கலாம்.

நீ ஒரு கேள்வி கேட்டிருந்தாய். உன்னைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னேன் என்று நினைத்துக்கொள்ளாதே. ஆபீசிலிருந்து ஸ்டோருக்கு வந்தபோது என்னிடம் ஒன்றுதான் கேட்டார்கள்: இது உங்களுக்கு முன்பே தெரியுமா என்று. மார்கோத்தைப் பார்த்திருக்காவிட்டால் தெரியாது என்றிருப்பேன். பார்த்துவிட்டேன். அதனால் தெரியும் என்றேன். தெரியும் என்ற பிறகு மற்றதையும் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

மார்கோத் கலாமாவுக்கு வந்திருந்தாள், நாங்கள் கிளம்புவதற்கு முன்பு. கையில் ஒரு கேக். நன்றி சொல்ல வந்தாளாம். உள்ளே பெட்டி கட்டிக்கொண்டிருந்தோம். உன் அண்ணன் உள்ளேதான் இருந்தார். அவளை வாசலிலேயே நிற்க வைத்துப் பேசி அனுப்பிவிட்டேன். கேக்கை வாங்கிக்கொண்டேன். அதை வெட்டவில்லை.

நீ செய்தது தவறு என்று நான் சொல்ல மாட்டேன். அந்த வண்டியில் பெட்டியை நீ அனுப்பியிருந்தால் நான் அதை இரும்புக்குப் போட்டிருப்பேன். அப்புறம் உன்னை நேராகப் பார்த்திருக்க மாட்டேன். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் உன் மேல் வருத்தம் இருக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் இருக்கிறது, என்ன செய்ய.

உன் அண்ணன் உன்னைத் திட்டுவதில்லை. திட்டினால் நான் உனக்கு நாளைக்கே பஸ் ஏறி வா என்று எழுதியிருப்பேன். திட்டுகிறவர் ஒருநாள் களைத்துப்போவார். உன் பெயரை நான் எடுத்தால் இவர் கரண்டியை வைத்துவிட்டு எழுந்து மாடிக்குப் போய்விடுகிறார். கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். சூப் ஆறிப்போகிறது. நான் மூடி வைக்கிறேன்.

பதினெட்டுக்கு வராதே யெர்கோ. எப்போது வரலாம் என்று கேட்டும் எழுதாதே. மலையில் குளிர் குறையும் வரை கழுத்தை மூடிக்கொள். மீட்டர் வை.

உன்னைப் பற்றி யோசிக்காமல் இல்லை. ஆனால் நாளை மத்தியானமும் அந்த மேசையில் அவரோடு உட்கார்ந்து சாப்பிடப்போவது நான்தான்.

நெலிடா